தேதி தாண்டினால் குப்பையா?

கோவில்பதாகை, ஆவடிப் பக்கம் மளிகை வாங்குவோர் கவனத்துக்கு:

● ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது ருசிக்கும் மொறுமொறுப்புக்கும்தான் கெடு. ‘எக்ஸ்பைரி’, ‘யூஸ் பை’ தாண்டினால் தொடாதீர்கள்.

● 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி எக்ஸ்பைரி போடுவது கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் நிறுவனத்தின் விருப்பம். இரண்டும் இருந்தால், இடைப்பட்ட நாட்களில் ரவை, சேமியாவை வண்டு, சிக்கு வாடை இல்லையா என்று பார்த்துச் சமைக்கலாம்.

● பால், பனீர், இறைச்சியை மோந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எல்லாக் கிருமியும் வாடை காட்டாது.

● பூஞ்சை பிடித்த வேர்க்கடலையை மொத்தமாகக் கொட்டுங்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

● அலமாரியில் பழைய பாக்கெட் முன்னால், புதியது பின்னால். கெடு நெருங்கும் ரவையை முதலில் உப்புமாவாக்கிவிடுங்கள்.

● எக்ஸ்பைரி தாண்டிய சரக்கை விற்றால், பில்லோடு உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம்.