'போ' என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் பொருளும்

ஒரு சொல்லின் வரலாற்றை ஆராய்தல், அதனை வழங்கிய மக்களின் உள்ளத்தை ஆராய்தலேயாம். ஆங்கிலப் புதினங்களைப் பயில்வோர், மங்கையொருத்தியின் காதலன் 'போ' என்னும் சொல்லாற் குறிக்கப்படுதலைக் கண்டிருப்பர். எழுத்தளவில் நோக்கின், தமிழர்க்கு இது காதலனை விரட்டும் ஏவலாகத் தோன்றும். ஆயின், நம் இல்லத்துப் 'பீரோ'வின் முதலெழுத்து எவ்வாறு ஒலிக்கின்றதோ, அவ்வாறே இதனையும் ஒலித்தல் வேண்டும். இச்சொல் எங்குப் பிறந்தது, எவ்வாறு காதலனைக் குறிப்பதாயிற்று என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இது பிரெஞ்சு மொழியினின்று ஆங்கிலம் பெற்ற சொல். ஆங்கு இதன் பொருள் 'அழகிய' என்பதே. இதன் தாய், இலத்தீன் மொழியின் 'பெல்லுஸ்' என்னும் சொல். அதுவோ, 'நல்ல' எனப் பொருள்படும் 'போனுஸ்' என்பதன் பழைய வடிவினின்று, அருமைபற்றிச் சுருக்கிக் கூறும் விகுதி பெற்றுப் பிறந்தது. ஆகவே, நன்மையே இச்சொல்லின் வேர். அழகு அதன் கிளை. உரோமர் பெல்லுஸ் என்பதனைப் பெரும்பாலும் மகளிர்க்கும் குழவிகட்குமே வழங்கினர். ஆடவர்க்கு வழங்கியவழி, சிற்சில வேளைகளில் எள்ளற் குறிப்பும் உடன் தோன்றிற்று.

'பெல்' என்பது 'போ' ஆகிய வகை யாது? பழைய பிரெஞ்சில், மெய்யெழுத்தின் முன் நின்ற லகர மெய் உகரமாய்த் திரிந்தது. அவ்வுயிர்க் கூட்டம் பின்னர் ஓகாரமாயிற்று. 'பியூரெல்' என்னும் முரட்டுக் கம்பளித் துணியின் பெயர், அத்துணி விரித்த எழுதுமேசைக்கு ஆகி, 'பியூரோ' எனத் திரிந்ததும் இவ்வகையே. நம் 'பீரோ' அதன் வழிவந்ததாகலின், அதுவும் 'போ'வும் ஒரே ஒலிமாற்றத்தின் மக்களாம்.

ஆங்கிலம் இக்குடும்பத்துச் சொற்களை இருமுறை பெற்றது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் வந்தவை, நாளடைவில் ஆங்கில ஒலியை ஏற்றன. அழகைக் குறிக்கும் 'பியூட்டி' என்பதும், ஹாம்ப்ஷயரில் உள்ள 'பியூலி' என்னும் ஊர்ப்பெயரும் அத்தகையன. 1660இல் இரண்டாம் சார்லஸ் அரசுரிமை மீளப்பெற்றபின், பிரெஞ்சு நாகரிகம் இலண்டனில் மேலோங்கிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர்ச்சொல்லாய்ப் பரவிய 'போ', பிரெஞ்சு ஒலியை இழந்திலது. எழுத்து ஒன்றாயிருப்பவும் ஒலி வேறுபடுதலே, அவை வந்த காலம் வெவ்வேறென்பதற்குச் சான்று.

அக்காலத்து 'போ' என்பான் காதலன் அல்லன். ஆடையணிகளிலேயே கருத்தூன்றிய மினுக்கன். பாத் நகரின் கேளிக்கை மன்றங்களை நடத்திய நாஷ் (1674–1761) என்பாரும், ஆடவர் உடைக்கு இலக்கணம் வகுத்தாரெனப் புகழ்பெற்ற பிரம்மெல் (1778–1840) என்பாரும் இச்சொல்லைப் பட்டப்பெயராகப் பெற்றவர். பிரம்மெல் கடன் மிகுதியால் 1816இல் பிரான்சுக்கு ஓடி, ஆங்கே வறுமையுற்று இறந்தார்.

மினுக்கன், மங்கையரைச் சூழ்ந்து திரிபவனாதலின், பதினெட்டாம் நூற்றாண்டில் இச்சொல் காதலனையும் குறிக்கலாயிற்று. இம்மாற்றத்தின் வாயிலில் நிற்பது, ஃபார்குவர் 1707இல் இயற்றிய 'போக்களின் சூழ்ச்சி' என்னும் நாடகம். பொருளிழந்த இரு மினுக்கர், செல்வ மகளிரை மணக்கக் கருதி வெளியூர் செல்கின்றனர். அவருள் ஏய்ம்வெல் என்பான் தமையனது பட்டத்தைத் தனதெனக் கூறி ஒருத்தியை ஏமாற்றத் தொடங்குகின்றான். பின்னர் அவளை உண்மையாகவே காதலித்து, அக்காதலால் தன் பொய்யைத் தானே அவளிடம் வெளியிடுகின்றான். மினுக்கன் நல்லவனாகும் அக்கணத்தில், சொல் மறந்த வேர்ப்பொருளை மாந்தன் மீட்டெடுத்தான் எனலாம்.

பிரெஞ்சு மக்களோ காதலனைச் 'சிறு நண்பன்' எனப் பொருள்படும் தொடரால் குறிப்பர். 'போ' என்னும் அடையை அவர் மாமனார்க்கே சூட்டி, 'அழகிய தந்தை' என மதிப்புத் தோன்ற அழைப்பர். ஆங்கிலேயர் காதலனுக்கு அளித்ததனைப் பிரெஞ்சியர் மாமனார்க்கு அளித்தனர்!

இதனால், சொல்லின் பொருளை வேர் மட்டும் ஆளாது, வழக்கே ஆளுமென்பது பெறப்படும். நம் மொழியிலும் தொல்காப்பியர் காலத்துக் கிழவன், தலைவன். இக்காலத்துக் கிழவன், முதியோன். நறுமணத்தைக் குறித்த நாற்றம், இன்று மூக்கைப் பொத்தச் செய்கின்றது.

எனினும், இன்னொன்றும் எண்ணத்தக்கது. மணம் உறுதிசெய்யப்பெற்றவனைக் குறிக்க ஆங்கிலம் 'ஃபியான்ஸே' என்னும் வேறொரு பிரெஞ்சுச் சொல்லைக் கொண்டுள்ளது. அதன் வேர், நம்பிக்கை. காதலனைக் குறித்த ஒரு சொல் தோற்றத்தை அளந்தது. மற்றொன்று வாக்குறுதியை அளந்தது. கல்லூரிப் பருவத்தினராகிய நாம் பிறரை எவ்வளவையால் அளக்கின்றோம், எவ்வளவையால் அளக்கப்பட விரும்புகின்றோம் என்பதை, இவ்விரு சொற்களும் நம்மை வினவுகின்றன.