வெற்றுக் கடைகளும் தொண்டு உழைப்பும்: நியூகாசில் நகர மையம் தரும் பாடம்

பழைய கடைத்தெருவைத் துப்புரவு செய்யவோ, மூடிக்கிடக்கும் கடைமுகப்புகளுக்கு வண்ணம் பூசவோ தொண்டர்கள் தேவை என்ற அறிவித்தல் வெளிவந்தவுடன், அதே தெருவில் இரண்டு குரல்கள் எழுவதைக் காணலாம். 'நம் ஊர், நாமே இறங்கிச் செய்வோம்' என்பது ஒன்று. 'வரி கட்டுகிறோம், கடையின் சொந்தக்காரர் வாடகை வாங்குகிறார். நாம் ஏன் சும்மா உழைக்க வேண்டும்?' என்பது மற்றொன்று. முதற்குரலைப் பொதுநலம் என்றும் இரண்டாவதைத் தன்னலம் என்றும் பிரித்துவிடுவது எளிது. ஆனால் அப்பிரிவு சரியன்று என்பதை எடுத்துக்காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம்.

நம்மில் பலர் இவ்வகை உழைப்பை அறியாதவர்கள் அல்லர். இலங்கையில் வளர்ந்தவர்களுக்குச் சிரமதானம் என்ற சொல் பள்ளிப்பருவத்திலேயே பழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கோயில் உழவாரப் பணி தெரியும். இவ்விரண்டிலும் ஒரு வசதி உண்டு: குளமும் கிணறும் வீதியும் ஊருக்குப் பொது, கோயில் வழிபடுவோர் அனைவருக்கும் பொது. ஆகவே பலன் யாருக்கு என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. நகர மையத்துக் கடை அப்படிப்பட்டதன்று. அதன் சுவரை நாம் வெள்ளையடிக்கலாம், சுவர் இன்னொருவருடையது.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த நகரங்களுள் ஒன்று, சிட்னிக்கு வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவில் உள்ள நியூகாசில். 1804இல் கைதிகளின் குடியேற்றமாக நிலைபெற்று, நிலக்கரியாலும் துறைமுகத்தாலும் வளர்ந்த ஊர் அது. அதன் முதுகெலும்பு ஹண்டர் வீதி. மேலே குன்றின்மீது கிறைஸ்ட் சேர்ச் பேராலயம், கீழே துறைமுகம், இடையே கடைகளும் வங்கிகளும் நாடக அரங்குகளும் என அமைந்தது நகர மையம். 1989 டிசம்பர் 28ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 13 பேர் உயிரிழந்தனர். பழைய கட்டடங்கள் பல சேதமுற்றன, சில இடிக்கப்பட்டன. 1915 முதல் இயங்கிய உருக்காலை 1999இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, கார் நிறுத்த இடவசதியுடன் புறநகரில் எழுந்த பெரிய கடைத்தொகுதிகள் மக்களைத் தம் பக்கம் இழுத்திருந்தன. 2008ஆம் ஆண்டளவில் அவ்வூரிற் பிறந்து வளர்ந்த மார்கஸ் வெஸ்ட்பரி நகர மையத்தின் முதன்மை வீதிகளில் நடந்து எண்ணியபோது, ஏறத்தாழ 150 கட்டடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

இங்கே சற்று நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். வாடகைக்கு ஆளில்லை என்றால் உரிமையாளர் வாடகையைக் குறைக்கலாமே? சந்தையில் மாலையானதும் கத்தரிக்காயின் விலை இறங்குவதுபோல் கடை வாடகை ஏன் இறங்குவதில்லை? காரணங்கள் பல. வணிகக் கட்டடத்தின் மதிப்பு அது ஈட்டும் வாடகையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. குறைந்த வாடகைக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், அதன் பேரில் பெற்ற கடனுக்கும் அதை விற்கும் விலைக்கும் ஊறு நேரலாம். வெற்றுக் கட்டடத்தின் செலவை வேறு வருமானத்தோடு கழித்துக்கொள்ள முடிகிறது. வருங்காலத்தில் இடித்துப் பெரிதாகக் கட்டும் எண்ணம் இருந்தால், நீண்ட ஒப்பந்தத்தில் ஒருவரைக் குடியமர்த்துவது இடையூறு. மேலும், நியூ சவுத் வேல்ஸின் சில்லறைக் கடைக் குத்தகைச் சட்டம் அக்காலத்தில் பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தத்தை வேண்டிற்று. அவ்விதி 2017இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே சிறிது காலம் முயன்று பார்க்க விரும்பிய ஒரு தையற்காரருக்கோ ஓவியருக்கோ அங்கே வாசல் திறக்கவில்லை. வீதியின் பாழ் யாருடைய சோம்பலாலும் வந்ததன்று. எல்லோரும் தத்தம் கணக்கைச் சரியாகப் பார்த்ததால் வந்தது.

வெஸ்ட்பரியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008இல் தொடங்கிய இலாபநோக்கற்ற நிறுவனமே ரினியூ நியூகாசில். அது ஒரு கட்டடத்தையும் வாங்கவில்லை, கட்டவும் இல்லை. உரிமையாளரிடம் சென்று, 'குத்தகை வேண்டாம்; கட்டடத்தைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் தாருங்கள். உங்களுக்கு வாடகைக்கு ஆள் கிடைத்தால் முப்பது நாள் முன்னறிவித்தலில் விட்டுவிடுகிறோம்' என்றது. அவ்வனுமதி மாதந்தோறும் தானாகவே நீளும். பொதுப் பொறுப்புக் காப்புறுதியை நிறுவனம் ஏற்றது. இடத்தைத் துப்புரவாகவும் பாதுகாப்பாகவும் வைத்திருக்கும் பொறுப்பும் உரிமையாளரின் தோளிலிருந்து இறங்கியது. பின்னர் அந்த இடத்தைக் கைவினைஞர், ஒளிப்படக் கலைஞர், ஆடை வடிவமைப்போர், சிறு பதிப்பாளர் போன்றோருக்கு அதே நிபந்தனையில் அந்நிறுவனம் வழங்கியது. வீதியில் ஏற்கெனவே வாடகை கொடுத்து வணிகம் செய்பவர்களுக்குப் போட்டியாகாத முயற்சிகளையே தேர்ந்தெடுக்க முயன்றது. குப்பை அள்ளியதும் வண்ணம் பூசியதும் கதவு திறந்து அமர்ந்திருந்ததும் அம்மக்களே. 2009இல் முதற் கடைகள் திறந்தன. 2010இன் இறுதியில், அடுத்த ஆண்டு காண வேண்டிய உலகின் பத்து நகரங்களுள் ஒன்றாக லோன்லி பிளானற் பயண வழிகாட்டி நியூகாசிலைக் குறிப்பிட்டது. அவ்வூர்க்காரர் பலருக்கே அது வியப்பாக இருந்தது.

இனி, கருத்து வேறுபாடுகளுக்கு வருவோம். இத்தகைய முயற்சியைப் புகழ்ந்து எழுதப்படுவன பெரும்பாலும் இவ்விடத்தில் விரைந்து கடந்துவிடுகின்றன.

முதலாவது மறுப்பு, கூலி பற்றியது. ஓராண்டாகத் தெரு உயிர்பெற்றால், அதனால் உயர்வது கட்டடத்தின் மதிப்பு. அம்மதிப்பு உரிமையாளரின் கணக்கிற் சேரும். வண்ணம் பூசியவருக்கு முப்பது நாள் அறிவித்தல் வரும். இதைக் கேட்பவர் தொண்டுக்கு எதிரி அல்லர். ஆதரிப்போரின் விடையும் பொருளற்றதன்று: வாடகையின்றி ஒரு கடையைத் திறந்து தம் தொழில் ஓடுமா என்று பார்க்கும் வாய்ப்பு, அதற்கு வழியில்லாதிருந்த ஒருவருக்குப் பெரிய ஊதியம். அவ்வாறு தொடங்கியவர்களுள் பின்னர் முறையான வாடகைக்கு இடம் எடுத்தவர்களும் இருந்தனர். ஆனால் இவ்விடையில் ஒரு நுண்ணிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. தம் சொந்த முயற்சிக்காக உழைப்பவர் ஒருவர். பொதுவாகத் 'தெருவுக்காக' சனிக்கிழமைதோறும் துடைப்பம் பிடிப்பவர் இன்னொருவர். முன்னவருக்குச் சொல்லும் ஆறுதல் பின்னவருக்குப் பொருந்தாது. இருவரையும் தொண்டர் என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் கூட்டங்களிற் பேச்சு தடம்புரள்கிறது.

இரண்டாவது, வாடகை கொடுத்துக் கடை நடத்துவோரின் மனத்தாங்கல். பக்கத்துக் கடைக்காரர் வாடகையின்றி அமர்ந்திருக்க, மாதந்தோறும் தாம் மட்டும் செலுத்துவது அவருக்கு எப்படித் தோன்றும்? போட்டியில்லாத முயற்சிகளைத் தேர்வது இதற்கு ஓரளவே மருந்து. காலியான கதவுகளுக்கு நடுவே தனித்து நிற்பதைவிட, ஆள் நடமாட்டமுள்ள தெருவில் நிற்பது அவருக்கும் நன்று என்பது உண்மை. ஆயினும் அதை அவரிடம் கலந்து பேசிச் சொல்வதற்கும், முடிவெடுத்தபின் அறிவிப்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

மூன்றாவது, 'யாருடைய நகரம்' என்பது. நியூகாசிலில் இது பல வடிவங்களில் வெடித்தது. துறைமுகத்துக்கும் நகர மையத்துக்கும் நடுவே சென்ற ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிளக்கிறது, அகற்றினால் மையம் உயிர்பெறும் என்றனர் ஒரு சாரார். அது மக்களின் போக்குவரத்தைப் பறித்து நிலத்தை வணிகருக்கு வழங்கும் வழி என்றனர் மற்றொரு சாரார். பாதையைக் காக்கத் தொண்டர்களாகத் திரண்டோர் நீதிமன்றம்வரை சென்றனர். 2014 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2019 பெப்ரவரியில் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. பேராலயத்தின் தோற்றத்தை மறைக்கும் உயர்ந்த கட்டடங்கள் வேண்டுமா என்பதும் இதேபோன்ற வழக்கே. வெற்றுக் கடையில் ஓவியம் வரைந்தவரும், ரயிலுக்காகப் பதாகை பிடித்தவரும், குன்றின் தோற்றத்துக்காக மனு எழுதியவரும் ஒரே ஊரின் தொண்டர்கள். அவர்கள் ஒருவரோடொருவர் உடன்பட்டிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இவற்றோடு நான்காவதாக ஒன்று உண்டு. அது உரக்கப் பேசப்படுவதில்லை. தொண்டு செய்ய நேரம் வேண்டும். இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்புபவர், இரு வேலை பார்ப்பவர், ஆங்கிலத்திற் கூட்டத்திற் பேசத் தயங்குபவர் ஆகியோர் மாலை ஆறரை மணிக் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தவர்கள் தீட்டும் திட்டமே ஊரின் விருப்பமாக எழுதப்படுகிறது. பழைய கடைத்தெருவில் எது மரபுரிமை என்று முடிவுசெய்யும்போது, கல்லும் செங்கல்லும் முன்னிற்கின்றன. முப்பது ஆண்டுகளாக அங்கே மளிகைக் கடை நடத்திய குடும்பத்தின் நினைவு பட்டியலில் ஏறுவதில்லை. நம் சமூகத்துக்கு மிகவும் நெருங்கிய குறை இதுவே என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

ஹண்டர் வீதியின் கதை எப்படி முடிந்தது? பெரிய டேவிட் ஜோன்ஸ் அங்காடி 2011இல் மூடப்பட்டபின், அக்கட்டடத்துக்குள்ளும் இத்தகைய சிறு கடைகள் இடம்பெற்றன. பின்னர் அப்பகுதி மறுகட்டுமானத்துக்குக் கைமாறியது. பழைய முகப்புகள் சில காக்கப்பட்டன. பின்னே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. தற்காலிகக் கடைகள் வெளியேறின. ஏறத்தாழப் பத்தாண்டு இயங்கியபின் நிறுவனமும் தன் பணியை முடித்துக்கொண்டது. அதற்குள் அதன் வழிமுறை வேறு அவுஸ்திரேலிய நகரங்களுக்குப் பரவியிருந்தது. இதை வெற்றி என்பாரும் உளர், ஏமாற்றம் என்பாரும் உளர். முப்பது நாளில் வெளியேற வேண்டும் என்பது முதல் நாளே எழுதப்பட்டிருந்தது; அதனால் அதை ஏமாற்று எனச் சொல்ல முடியாது. எனினும், உயர்ந்த மதிப்பில் ஒரு பங்கு தெருவுக்குத் திரும்ப வேண்டும் என்று அதே தாளில் எவரும் எழுதவில்லை. ஒப்பந்தம் நேர்மையானதாக இருந்தது, முழுமையானதாக இருக்கவில்லை.

ஆகவே நம் பகுதியில் இத்தகைய அழைப்பு வரும்போது, 'சேரலாமா, வேண்டாமா' என்று தொடங்குவதைவிட வேறு சில கேள்விகளைக் கேட்பது பயன் தரும். கட்டடம் யாருடையது? எவ்வளவு காலத்துக்கு? உரிமையாளர் தம் பங்காக எதைத் தருகிறார்: கூரை பழுதுபார்த்தலையா, மின் இணைப்பையா, ஒன்றுமே இல்லையா? கூலி கொடுத்து ஒருவர் செய்துவந்த வேலையைத் தொண்டர் செய்யப் போகிறாரா? இக்கடைசிக் கேள்விக்கு விடை 'ஆம்' எனில், அது தொண்டா என்பதையே மீண்டும் பார்க்க வேண்டும். வருவதும் வராததும் தம் விருப்பம் என்ற நிலையில், ஊதியம் எதிர்பாராமற் செய்வதே தொண்டு. நேர அட்டவணைக்குக் கட்டுப்பட்டு ஒரு வணிகத்தின் இலாபத்துக்காகச் செய்யும் வேலை பெரும்பாலும் ஊதியத்துக்குரிய வேலை. ஐயமிருப்பின் பணியிட நீதிக்கான கூட்டாட்சி அலுவலகமான ஃபெயார் வர்க் ஒம்பட்ஸ்மனிடம் கேட்கலாம்.

காப்புறுதியையும் மறத்தலாகாது. ஊழியர் இழப்பீட்டுக் காப்புறுதி பொதுவாகத் தொண்டர்களுக்குப் பொருந்தாது. ஏணியில் ஏறுமுன், ஒழுங்குசெய்யும் அமைப்பிடம் தொண்டர் விபத்துக் காப்புறுதி உண்டா என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். சிறுவர்களோடு பணியாற்றுவதற்கான சரிபார்ப்புத் தேவைப்படும் பணிகளுக்கு, நியூ சவுத் வேல்ஸில் தொண்டர்களிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை.

நேரமில்லாதோருக்கும் ஒரு வழி உண்டு. பழைய கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ கோரும் விண்ணப்பம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கருத்துத் தெரிவிக்கப் பொதுவாகக் குறைந்தது 14 நாட்கள் அளிக்கப்படும். அதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'இக்கடைத்தொகுதியின் வளைவுத் தாழ்வாரம் முதியோர் வெயிலுக்கு ஒதுங்கும் இடம். புதிய வரைபடத்தில் அது காணப்படவில்லை' என்ற இரண்டு வரிகள், 'நான் எதிர்க்கிறேன்' என்ற ஒற்றை வரியைவிட எடையுள்ளவை. எழுதுவோரின் பெயர் வெளியிடப்படலாம் என்பதை மட்டும் மனத்திற் கொள்ளுங்கள். தொலைபேசியில் தமிழில் விளக்கம் பெற விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் ஊடாக நகரசபையுடன் பேசலாம். அழைக்கும்போது விண்ணப்ப இலக்கத்தையும் வீதியின் பெயரையும் கையில் வைத்திருங்கள்.