கோர்ட் ஒன்று, ஆட்கள் பன்னிரண்டு: பிக்கிள்பாலில் முறை பிரிக்கப் பயனுள்ள குறிப்புகள்

பாட்மின்டன் கோர்ட்டின் மேலேயே வேறு நிறத்தில் கோடு போட்டு, வலையை இறக்கிக் கட்டி பிக்கிள்பால் ஆடுவதை இப்போது சென்னை, கோவை அபார்ட்மென்ட் வளாகங்களில் பார்க்க முடிகிறது. 1965-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெய்ன்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பழைய பாட்மின்டன் கோர்ட்டில்தான். 20 அடி அகலம், 44 அடி நீளம்; பாட்மின்டன் டபுள்ஸ் கோர்ட்டுக்கும் இதற்கும் அளவு ஒன்றே. சீக்கிரம் பிடிபட்டுவிடும் ஆட்டம் என்பதால் தாத்தா, பேத்தி, ஆபீஸ் விட்டு வந்தவர், அடுப்படி வேலையை முடித்து வந்தவர் என எல்லோரும் பேடில் மட்டையோடு வந்து நிற்கிறார்கள். ஆனால் ஒரு நேரத்தில் நான்கு பேர்தான் ஆட முடியும்.

மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது. வாய்விட்டுக் கேட்பவருக்கு முறை வந்துவிடுகிறது. கேட்கக் கூச்சப்படுகிறவர் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து வருவதில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் விசாரிப்பதும் இல்லை. அந்த ஒருவரை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

1. முதலில் கணக்குப் போடுங்கள். 11 பாய்ண்ட் ஆட்டம் ஒன்று, ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்துச் சுமார் கால் மணி நேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்தில் ஒரு கோர்ட்டில் 8 ஆட்டம், அதாவது 32 இடங்கள். 8 பேர் வந்தால் தலைக்கு 4 ஆட்டம். 12 பேர் என்றால் சிலருக்கு 3, சிலருக்கு 2. பதினாறு பேர் வந்தால் அரை மணி நேரம் ஆடி, ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். அதனால் ஒரு கோர்ட்டுக்கு 10 பேருக்கு மேல் பெயர் கொடுத்தால், 6 மணிக்கு ஒரு அணி, 7 மணிக்கு ஒரு அணி என்று வாட்ஸ்அப் குரூப்பிலேயே முதல் நாள் இரவு பிரித்துவிடுங்கள். வந்து நின்ற பிறகு யாரையும் திருப்பி அனுப்ப முடியாது.

2. வரிசை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்கப் பூங்காக்களில் வந்த வரிசைப்படி பேடில்களை ஒரு ஸ்டாண்டில் அடுக்கி வைப்பார்கள். முதல் நான்கு பேடில்காரர்கள் உள்ளே போவார்கள். ஆடி முடித்தவர்கள் தங்கள் பேடிலைக் கடைசியில் வைப்பார்கள். நம் வீட்டில் அதைவிட எளிய பொருள் இருக்கிறது: துணி காயப்போடும் கிளிப். ஆளுக்கு ஒரு கிளிப், அதில் மார்க்கரால் பெயர். கோர்ட்டைச் சுற்றியிருக்கும் கம்பி வலையிலோ, ஒரு கயிற்றிலோ வந்த வரிசையில் மாட்டுங்கள். இடது பக்கம் இருக்கும் நால்வர் அடுத்து ஆடுவார்கள். விலை உயர்ந்த பேடில்கள் கீழே விழுந்து விளிம்பு உடையாது, ஒருவருடையதை இன்னொருவர் மாற்றி எடுத்துப் போகவும் மாட்டார். முக்கியமாக, ‘அடுத்து யார்?’ என்று யாருடைய முகத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். ஒரு டஜன் கிளிப்பும் ஒரு மார்க்கரும் வாங்கினால் போதும்.

3. ஐந்து பேர் வந்திருக்கிறீர்களா? பிக்கிள்பாலுக்கு இதைவிட நல்ல எண்ணிக்கை கிடையாது. 1 முதல் 5 வரை எண் கொடுத்து இப்படி ஆடுங்கள்:

முதல் ஆட்டம்: 1 ஓய்வு, 2, 5 ஒரு பக்கம், 3, 4 எதிர்ப்பக்கம்.
இரண்டாவது: 2 ஓய்வு, 1, 3 ஒரு பக்கம், 4, 5 எதிர்ப்பக்கம்.
மூன்றாவது: 3 ஓய்வு; 2, 4 ஒரு பக்கம், 1, 5 எதிர்ப்பக்கம்.
நான்காவது: 4 ஓய்வு, 3, 5 ஒரு பக்கம், 1, 2 எதிர்ப்பக்கம்.
ஐந்தாவது: 5 ஓய்வு, 1, 4 ஒரு பக்கம், 2, 3 எதிர்ப்பக்கம்.

ஐந்து ஆட்டம் முடியும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை உட்கார்ந்திருப்பார்கள். மற்ற நால்வரோடும் தலா ஒரு முறை ஜோடி சேர்ந்திருப்பார்கள். இதை ஒரு அட்டையில் எழுதி கிட் பையில் போட்டு வையுங்கள்.

4. ஆறு பேர் என்றால் இரண்டிரண்டாக மூன்று அணி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் அணி ஓய்வு. மூன்று ஆட்டம் முடிந்ததும் அணிகளைக் கலைத்துச் சீட்டுக் குலுக்கிப் புதிதாகப் பிரியுங்கள். ஏழு பேர் என்றால் வெளியே இருக்கும் மூவரும் உள்ளே போக, ஆடிக்கொண்டிருந்த நால்வரில் ஒருவர் மட்டும் இன்னொரு ஆட்டம் இருக்க வேண்டும். அந்த ‘ஒருவர்’ யார் என்பதை பெயர் வரிசைப்படி மாற்றிக்கொண்டே வாருங்கள். நன்றாக ஆடுகிறவரே தினமும் மிஞ்சி நிற்கக் கூடாது.

5. எட்டுப் பேர், இரண்டு கோர்ட் அமைந்தால் அன்றைக்கு யாருமே உட்கார வேண்டாம். ஆனால் ஜோடி சேருவதில் கவனம் வேண்டும். 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். முதல் சுற்றில் ஒரு கோர்ட்டில் 8, 7 ஒரு பக்கம், 4, 5 எதிர்ப்பக்கம்; அடுத்த கோர்ட்டில் 1, 3 ஒரு பக்கம், 2, 6 எதிர்ப்பக்கம். அடுத்த சுற்றுக்கு 8 என்ற எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, மற்ற எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்டுங்கள். 7-க்கு அடுத்தது 1. அதாவது 8, 1 எதிர் 5, 6. 2, 4 எதிர் 3, 7. இப்படியே ஏழு சுற்று. முடிவில் ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் தலா ஒரு முறை பார்ட்னர், தலா இரண்டு முறை எதிராளி. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எட்டுக் குடும்பம் ஒருவரோடொருவர் நன்றாகப் பழகிக்கொள்ள இதுபோல் ஒரு வழி இல்லை.

6. எட்டுப் பேர், ஒரே கோர்ட் என்றால் ஒரு சிக்கல் உண்டு. நால்வர் உள்ளே, நால்வர் வெளியே என்று மாறினால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் கடைசி வரை அதே நால்வர் அதே நால்வரோடுதான் ஆடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த பிளாட்டில் இருப்பவரோடு ஒரு ஆட்டம்கூட அமையாது. இதற்கு, எல்லோரும் சமமாக இரண்டு ஆட்டம் ஆடி முடித்ததும் எல்லா கிளிப்பையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, எடுக்கிற வரிசையில் மறுபடி மாட்டுங்கள். இதனால் யாரோ ஒருவர் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஆடுவார், இன்னொருவர் தொடர்ந்து இரண்டு ஆட்டம் உட்காருவார். குலுக்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது. பன்னிரண்டு பேருக்கும் இதே வழிதான்.

7. ‘ஜெயித்தவர் இருக்கட்டும், தோற்றவர் வெளியே’ என்ற பழக்கம் சில குரூப்களில் உண்டு. வேகமாக ஆடும் இளைஞர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டால் பரவாயில்லை. கலவையான கூட்டத்துக்கு அது ஆகவே ஆகாது. பயிற்சி யாருக்குத் தேவையோ அவரைத்தான் அது வெளியே உட்கார வைக்கிறது. ஜெயித்தவர் இருந்தே ஆக வேண்டும் என்று உங்கள் குரூப் பிடிவாதம் பிடித்தால் இரண்டு நிபந்தனை போடுங்கள்: ஜெயித்த ஜோடி அடுத்த ஆட்டத்தில் எதிரெதிர்ப் பக்கம் போக வேண்டும், எத்தனை ஜெயித்தாலும் தொடர்ந்து இரண்டு ஆட்டத்துக்கு மேல் கிடையாது.

8. ஆட்டத்தின் நீளத்தைக் கட்டுக்குள் வையுங்கள். விதிப்படி 11 பாய்ண்ட், இரண்டு பாய்ண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். வழக்கமான முறையில் சர்வ் போடும் பக்கத்துக்குத்தான் பாய்ண்ட் என்பதால், சமபலம் உள்ள நால்வர் மாட்டினால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். வெளியே ஆள் காத்திருக்கும்போது ‘11 எடுத்தால் முடிந்தது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோர்ட் இருந்தால் போனில் 12 நிமிட அலாரம் வைப்பது இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆள் மாறலாம். அலாரம் அடிக்கும்போது நடக்கும் ரேலியை முடித்துக்கொள்ளுங்கள். சமமாக இருந்தால் இன்னும் ஒரே ஒரு ரேலி. அதில் ஜெயித்தவருக்கு ஆட்டம்.

9. பலமானவரும் புதியவரும் கலக்கும் இடத்தில், நால்வரில் நன்றாக ஆடுகிறவரையும் புதியவரையும் ஒரு பக்கம் விடுங்கள்; நடுவில் இருக்கும் இருவர் எதிர்ப்பக்கம். ஆட்டம் பெரும்பாலும் சமமாக அமையும். ஆனால் நன்றாக ஆடுகிறவருக்கும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு மணி நேரமும் அவர் விட்டுக்கொடுத்தே ஆட வேண்டும் என்பது சரியில்லை. முதல் ஒன்றரை மணி நேரம் கலந்து ஆடுங்கள். கடைசி அரை மணி நேரத்தைச் சமபலம் உள்ளவர்களுக்கு ஒதுக்குங்கள். அதையும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

10. கலந்து ஆடும்போது ஒரு வேண்டுகோள். புதியவர் பக்கமாகவே எல்லாப் பந்தையும் அடிப்பதும், அவருக்கு வரும் பந்தை பார்ட்னர் குறுக்கே பாய்ந்து எடுப்பதும் ஒன்றுதான். முதலாவதில் அவருடைய பார்ட்னரும், இரண்டாவதில் அவரும் கோர்ட்டுக்குள்ளேயே உட்கார வைக்கப்படுகிறார்கள். முறை கொடுத்தும் கொடுக்காததுபோல ஆகிவிடும்.

11. முதல் நாள் வருகிறவருக்கு மூன்று விதியை மட்டும் சொல்லுங்கள். சர்வ் இடுப்புக்குக் கீழிருந்து, குறுக்காக. சர்வ் போட்ட பந்தும், அதற்கு வரும் பதில் பந்தும் ஒரு முறை தரையில் பட்ட பிறகே அடிக்க வேண்டும். வலையை ஒட்டிய 7 அடிப் பகுதிக்கு ‘கிச்சன்’ என்று பெயர்; அதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. ஸ்கோர் சொல்வது எல்லாம் தானாக வந்துவிடும்.

12. தாமதமாக வருகிறவர் வரிசையின் கடைசியில் சேர வேண்டும். போன ஆட்டத்துக்கு ஈடு கேட்கக் கூடாது. சீக்கிரம் கிளம்ப வேண்டியவர் வந்தவுடனே சொல்லிவிட்டால் போதும். முறை வரும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவர் உள்ளே போகட்டும். போன் பேசப் போனவரின் கிளிப் முதல் இடத்திலேயே இருக்கட்டும். அடுத்த ஆட்டத்துக்கும் அவர் இல்லையென்றால் கிளிப்பைக் கடைசிக்கு மாற்றிவிடுங்கள்.

13. முட்டி வலி உள்ளவர், வெயில் தாங்காதவர், பெரியவர்கள் இடையில் ஒரு ஆட்டம் ஓய்வெடுக்க நினைப்பார்கள். சொன்னால் முறை போய்விடுமோ என்று சொல்லாமல் ஆடி, வலியை வரவழைத்துக்கொள்வார்கள். கிளிப்பைத் தலைகீழாக மாட்டினால் ‘ஒரு ஆட்டம் தாண்டிப் போங்கள், என் இடம் அப்படியே இருக்கட்டும்’ என்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

14. வெளியே இருப்பவர்கள் பந்து பொறுக்கித் தரலாம். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து பந்து உருண்டு வந்தால் ‘பால்!’ என்று உரக்கச் சொல்லலாம். காலடியில் பந்து சிக்கி விழுந்துவிடக் கூடாது. ஆனால் பந்து உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்தந்தப் பக்கத்துக் கோட்டை அந்தந்தப் பக்கத்து ஆட்டக்காரர்களே சொல்வதுதான் விதி.

15. கிளிப் வரிசையைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அது வாரம் ஒருவராக மாறட்டும். குரூப்பில் மிக நன்றாக ஆடுகிறவரோ, அசோசியேஷன் செயலாளரோதான் பார்க்க வேண்டும் என்பதில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், ஒரு பிசகு வராது. யார் பார்த்தாலும் அவருடைய கிளிப்பும் மற்றவர்களுடையதைப் போலவே வரிசையில் நகர வேண்டும்.

16. கோர்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் குரூப், வாடகையைச் சமமாகப் பிரிக்கிறது என்றால் ஆட்டத்தையும் சமமாகப் பிரித்தே ஆக வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

17. ஒரு சின்ன நோட்டில் பெயருக்கு எதிரே ஆடிய ஆட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். முடியும் நேரத்தில் பார்த்தால், நேரத்துக்கு வந்து கடைசி வரை இருந்தவர்களில் அதிகம் ஆடியவருக்கும் குறைவாக ஆடியவருக்கும் ஒரு ஆட்டத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால், குறைவாக ஆடியவர்களின் பெயரை அன்றே குரூப்பில் போட்டு, அடுத்த வாரம் அவர்களின் கிளிப்பை முதலில் மாட்டுங்கள். போன வாரம் வந்து இந்த வாரம் வராதவர் யாராவது இருந்தால், அவருக்கு ஒரு போன் செய்து, உங்கள் கிளிப் இங்கே இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிடுங்கள்.