நம் ஊர்ச் செம்மறியும் கம்பளியும்

செம்மறி ஆட்டினால் விளையும் பயன்கள் யாவை என்று கேட்டால், சின்ன வகுப்புப் பிள்ளைகள் முதலில் எழுதும் விடை "கம்பளி" என்பதாகும். விடை தவறன்று. ஆனால், மாணவிகளே, பாலாற்றங்கரையிலோ குடியாத்தம், பேர்ணாம்பட்டுச் சாலையோரத்திலோ மேயும் செம்மறி மந்தையைச் சற்று நின்று பாருங்கள். அவற்றின் உடம்பில் கம்பளி எங்கே? குதிரையின் மேலிருப்பது போன்ற குட்டையான, படிந்த, பளபளப்பான மயிர்தான் இருக்கிறது. அதை வெட்டி நூற்கவும் முடியாது, பின்னவும் முடியாது. படங்களில் பஞ்சுமூட்டை போல் நிற்கும் ஆடு நம் ஊர் ஆடு அன்று.

நம் பக்கத்தில் மிகுதியாகக் காணப்படுவது சென்னைச் சிவப்பு என்னும் இனம். சேலம், ஈரோடு வட்டாரத்தில் மேச்சேரி இனம் உண்டு. தெற்கே போனால் வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை. இவை யாவும் மயிர் ஆடுகளே. கம்பளி தரும் ஆடு தமிழ்நாட்டில் மிகக் கொஞ்சம். திருச்சி கருங்குறும்பையும் கோயம்புத்தூர்க் குறும்பையும் முரட்டு ரோமம் தருகின்றன. மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு ஒன்றுதான். ஆங்கிலேயர் காலத்தில் மெரினோ, செவியட், சவுத்டவுன் முதலிய வெளிநாட்டு ஆடுகளின் கலப்பில் அது உருவாயிற்று.

மயிருக்கும் கம்பளிக்கும் என்ன வேற்றுமை? இரண்டும் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனவையே. கம்பளி இழை மெல்லியது, சுருண்டது. நுண்ணோக்கியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன்மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் தெரியும். சுருளும் செதிலும் இருப்பதனால் ஓர் இழை மற்றோர் இழையைப் பிடித்துக்கொள்ளும். நூல் முறுக்கு நிற்கும். சுருள்களுக்கிடையே காற்று தங்குவதால் குளிர் உள்ளே வராது. முரட்டு மயிருக்கோ நடுவில் துளை போன்ற ஒரு தண்டு உண்டு. அது விறைப்பானது, வழுக்கும், சாயமும் சரியாக ஏறாது.

ஆகவே நம் ஊர் ஆடு மட்டமானது என்று எண்ணிவிடலாகாது. கம்பளி ஆட்டின் தோலில் மயிர்க்கால்கள் நெருக்கமாக இருக்கும், கொழுப்பும் மிகுதி. பதனிட்டபின் அத்தோல் தளர்ந்து, பஞ்சு போல் ஆகிவிடும். மயிர் ஆட்டின் தோலோ இறுக்கமானது, மெல்லியது, எளிதில் கிழியாது. கையுறைக்கும் சட்டைக்கும் காலணிக்கும் அதுவே ஏற்றது. வெயில் மிகுந்த நம் நாட்டின் இந்த ஆட்டுக்குக் கம்பளி இல்லை; தோலோ உறுதியானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலுக்குப் பெயர் பெற்றதற்கு வியாபாரிகளின் முயற்சியும் பாலாற்று நீரும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு இந்தக் குட்டை மயிரும் காரணம். (ஆம்பூர் என்றதும் சிலருக்குப் பிரியாணி நினைவு வரும். அதற்கும் ஆடுதான் வேண்டும்!)

அந்நாளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கடுக்காயும் சேர்த்துப் பதனிட்டார்கள். அவ்வழியில் வந்த 'ஈ.ஐ.' தோலுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியபின், நம் ஊர்கள் முழுத் தோலுக்கும் காலணிக்கும் மாறின. இன்று காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெண்களே மிகுதி. இதைப் படிக்கும் பலரின் தாய்மார்களும் அவர்களுள் இருப்பர்.

பதனிடும் இடத்தில் தோலின் மேற்புறத்தைப் பார்ப்பவர், அந்த ஆடு எப்படி வளர்ந்தது என்று சொல்லிவிடுவார். முள் கீறிய கோடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு ஆகிய எதுவும் மறையாது. ஆகையால் நல்ல தோல் என்பது தொட்டியில் தொடங்குவதில்லை, பட்டியில் தொடங்குகிறது.

பட்டியில் ஒரு நாள் எப்படிப் போகிறது? இருபது முப்பது ஆடு வைத்திருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விடிந்ததும் ஆட்டை அவிழ்த்துவிட மாட்டார்கள். பனி ஈரம் காயாத புல்லில் குடற்புழுவின் குஞ்சுகள் ஏறியிருக்கும். வெயில் ஏறியபின்தான் மேய்ச்சல். அதற்குள் வீட்டுப் பெண்கள் புழுக்கையைக் கூட்டி எருக்குழியில் சேர்த்துவிடுவார்கள். இளங்குட்டிகளுக்குத் தாய்ப்பால் காட்டி, கூடையைக் கவிழ்த்து மூடி, காக்கைக்கும் நாய்க்கும் தப்பவைப்பதும் அவர்கள் பொறுப்பே. மேய்க்கப் போவது தாத்தாவோ தகப்பனோ ஆக இருக்கலாம். ஆனால் எந்த ஆடு சினை, எது சரியாக அசைபோடவில்லை, எதற்கு மூக்கு ஒழுகுகிறது என்பதையெல்லாம் முதலில் கண்டுபிடிப்பது வீட்டு அம்மாதான்.

சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். பெரும்பாலும் ஒரு குட்டியே போடும். பிறந்த அரைமணி நேரத்திற்குள் சீம்பால் குடிக்கவேண்டும். குடிக்காத குட்டி பிழைப்பது அரிது. மழைக்கு முன் துள்ளுமாரிக்குத் தடுப்பூசி போடவேண்டும். துள்ளுமாரி வந்தால் மாலையில் துள்ளி விளையாடிய குட்டி காலையில் செத்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் நீலநாக்கு நோயும், சேற்றில் நின்றால் குளம்பு அழுகலும் வரும். ஓர் ஆடு போனால் அவ்வீட்டில் ஒரு பிள்ளையின் சீருடையும் நோட்டுப் புத்தகமும் போனது போலத்தான்.

நிலக்கடலை பிடுங்கிய கொல்லையில் இரவு கிடை போடுவதும் உண்டு. படலால் வளைத்து ஆட்டை அடைத்தால், காலையில் நிலத்துக்கு உரம் கிடைக்கும். ஆட்டுக்காரருக்குக் கூலி கிடைக்கும். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பது உழவர் கணக்கு.

இனி, கம்பளி உள்ள இடத்துக்குச் செல்வோம். ரோமம் உள்ள செம்மறிக்குத் தமிழில் குறும்பாடு என்று பெயர். அதை வளர்த்துக் கம்பளி நெய்வோர் குரும்பர் எனப்படும் மக்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கங்களிலும் கர்நாடகம், ஆந்திர எல்லைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஆட்டைக் குளத்தில் குளிப்பாட்டி உலர்த்துவார்கள். பின் கத்தரியால் ரோமத்தை வெட்டி, நிறம் பிரித்து, வில் நாணால் அடித்துப் பஞ்சாக்குவார்கள். நூற்பது பெண்கள் வேலை. நெய்வது ஆண்கள் வேலை. நெய்வதற்குமுன் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை பூசி, தூரிகையால் நீவி, வெயிலில் காயவைப்பார்கள். முரட்டு நூல் அறாமல் தறியில் ஓடுவதற்கு இந்தப் பசையே காரணம். சாயம் கிடையாது; கறுப்பு ஆட்டின் கறுப்பே கம்பளியின் நிறம்.

உடம்பில் அது குத்தத்தான் செய்யும். ஆனால் மழையில் அதன் அருமை தெரியும். ஒரு மூலையை உள்ளே மடக்கித் தலையில் கூம்பாகப் போட்டுக்கொண்டால் தண்ணீர் வழிந்தோடிவிடும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் நனைந்தது போல் தோன்றாது. கல்யாணத்திலும் கோயில் சடங்கிலும் கருங்கம்பளியை விரிப்பது அம்மக்களின் வழக்கம்.

நம் வாலாஜாப்பேட்டையும் ஒரு காலத்தில் கம்பள விரிப்புக்குப் பெயர் போன ஊர். இன்றோ முரட்டு ரோமத்துக்கு வாங்குவார் இல்லை. பானிப்பட்டில் பழந்துணியை அரைத்து நெய்த போர்வை மலிவாக வருகிறது. பல இடங்களில் வெட்டுக்கூலிக்கே ரோமத்தின் விலை காணாது; ரோமம் எருக்குழிக்குப் போகிறது. கதிரில் முரட்டு ரோமத்தை நூற்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்களே. அவர்களிடம் பேத்திகள் கற்றுக்கொள்வதும் இல்லை, ஏனெனில் கற்றால் கூலி இல்லை. இதில் பேத்திகளைக் குறை சொல்லுவது நியாயம் அன்று.

கடையில் "கம்பளி நூல்" என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்கே. அறிய எளிய வழி உண்டு. ஆசிரியை அருகில் இருக்கும்போது ஓர் அங்குல நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். உண்மைக் கம்பளியாயின் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி காகிதம் போல் எரியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கரிமணியாகும்.

கம்பளி இல்லாத நம் வீடுகளில் மார்கழிக் குளிருக்கு என்ன செய்தார்கள்? பழம்புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வை செய்தார்கள். வங்காளத்துக் காந்தாவும், வடகர்நாடகத்துக் கவுதியும் இதே வகை. காந்தா என்னும் பெயரும் நம் 'கந்தை' என்னும் சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. ஆனால் நாம் கந்தை என்று முகம் சுளிக்க, அவர்கள் அதைக் கண்காட்சியில் வைத்திருக்கிறார்கள்!

தைக்கும் முறை இது. நன்கு துவைத்து மென்மையான பருத்திப் புடவைகள் நான்கு எடுங்கள். புதுத்துணி வேண்டாம், அது சுருங்கிக் கோணும். தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீண்ட தற்காலிகத் தையல் போட்டு நிறுத்துங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவிந்துவிடும். பிறகு ஓட்டுத் தையல், வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி. நூல் கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். கிழிந்த இடத்தில் வேறு நிறத் துண்டை ஒட்டுப் போடலாம். கடைசியில் நான்கு ஓரத்தையும் உறுதியான சேலைக் கரையால் மடித்துத் தையுங்கள். முதலில் நைந்துபோவது ஓரம்தான்.