ஒன்பதாம் வகுப்பில் என்ன நடத்துகிறீர்கள்?

தருமபுரிக்குப் பிள்ளைகளோடு குடிவருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. மருத்துவக் கல்லூரி, வங்கி, காவல் துறை, மின்வாரியம் என்று மாற்றல் உத்தரவோடு வருகிறவர்கள் ஒரு வகை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்கப் போய், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஊருக்கே திரும்புகிறவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: மெட்ரிக்கில் போடலாமா, சி.பி.எஸ்.இ.யில் போடலாமா?

என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளை இப்போது எத்தனாவது படிக்கிறது என்பது முதல் கேள்வி. சேர்க்கப்போகும் பள்ளி ஒன்பதிலும் பதினொன்றிலும் எந்தப் புத்தகத்தை நடத்துகிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் போர்டு விவகாரம் பாதி தானாகவே முடிந்துவிடும்.

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் இருக்கும் பிள்ளையை இடம் மாற்றவே கூடாது என்பது என் கட்சி. சி.பி.எஸ்.இ. ஒன்பதிலும் பதினொன்றிலுமே மாணவர்களைப் பதிவு செய்துகொள்கிறது. பத்திலும் பன்னிரண்டிலும் நேரடியாகச் சேர்ப்பதற்குப் பெற்றோரின் பணி மாற்றம் போன்ற காரணம் காட்டி, வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் பிள்ளைக்குப் புது ஊர், புது ஆசிரியர், பொதுத்தேர்வு மூன்றும் ஒன்றாக வந்து விழும். அம்மாவோ பாட்டியோ பழைய ஊரில் ஒரு வருடம் தங்கினால் செலவுதான். அந்தச் செலவைச் செய்யலாம். எட்டு வரைக்கும் எங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம். போர்டு மாறுவதென்றால் பத்துக்கு முன்னால் ஒன்பதுதான் கடைசிப் பேருந்து. அதை விட்டால் அடுத்தது பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை.

மெட்ரிக் என்ற பலகையைப் பார்த்து ஏதோ தனிப் படிப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உடனே நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன் பிறகு மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் படிப்பது ஒரே பாடத்திட்டம், எழுதுவது ஒரே பொதுத்தேர்வு. நிர்வாகமும் பயிற்று மொழியும் கட்டணமும்தான் வேறு. அந்தப் பாடத்திட்டத்தை மட்டமாக எடைபோடவும் வேண்டாம். கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த புதிய பாடத்திட்டத்தின்படி 2018-19 முதல் வந்த புத்தகங்கள், பதினொன்று, பன்னிரண்டில் கனமானவை. ‘சி.பி.எஸ்.இ.தான் கஷ்டம், ஸ்டேட் போர்டு சும்மா’ என்பது பழைய கதை.

பொறியியல் கனவு இருக்கும் வீட்டுக்கு மாநிலப் பாடத்திட்டமே போதும். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணில் கட்-ஆஃப் போட்டு இடம் தருகிறார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளிமாநிலத்துக்குத் தூக்கியடிக்கப்படும் மத்திய அரசு ஊழியர் வீடு, ஐ.ஐ.டி. என்று உறுதியாக இருக்கும் வீடு – இவர்களுக்கு சி.பி.எஸ்.இ. பொருந்தும். ஆனால் பலகையில் இருக்கும் எழுத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, வாரியத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். அந்த இணைப்பு பத்து வரைக்குமா, பன்னிரண்டு வரைக்குமா என்பதையும் பாருங்கள். ‘சி.பி.எஸ்.இ. பேட்டர்ன்’ என்று எழுதியிருந்தால் அதற்கு எந்த அங்கீகாரமும் இல்லை.

பெங்களூரிலிருந்து திரும்புகிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றை யோசிக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசினாலும், கன்னடமும் இந்தியும் படித்த பிள்ளைக்கு நம் எழுத்தைக் கூட்டிப் படிப்பதே சிரமமாக இருக்கும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடம். சி.பி.எஸ்.இ.க்குப் போனால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டால் அதுவும் பலிக்காது; 2015-16-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய கட்டாயம் வருடத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2024-25-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டுவிட்டது. வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிப்பது உண்டு. ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று அலுவலகத்தில் சொல்வது விலக்கு ஆகாது. உத்தரவு எழுத்தில் கைக்கு வரும்வரை, தமிழ்த் தேர்வு உண்டு என்றே வைத்துக்கொண்டு ஆறிலோ ஏழிலோ திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு மூன்று வருடம் கையில் இருந்தால் எந்தப் பிள்ளையும் தமிழைப் பிடித்துக்கொள்ளும்.

இனி ஒன்பதும் பதினொன்றும். நாமக்கல், ராசிபுரம் பக்கம் தோன்றி, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வரை பரவிய ஒரு பள்ளி வகை உண்டு. ஊரில் அதற்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை மேலோட்டமாகத் தள்ளிவிட்டுப் பத்தை எடுப்பார்கள். பதினொன்றை மூடிவைத்துவிட்டுப் பன்னிரண்டை இரண்டு வருடம் உருப்போட வைப்பார்கள். மதிப்பெண் வரும், பேனர் நிற்கும். முதலாண்டுப் பொறியியல் வகுப்பில் நுண்கணிதம் தொடங்கும்போது பிள்ளை விழிக்கும். நீட் கேள்வித்தாளிலும் ஜே.இ.இ. கேள்வித்தாளிலும் ஏறக்குறைய பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம். அங்கும் அடி விழும்.

இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய குறுக்குவழிக்குப் பூட்டியிருந்த கதவும் அதோடு திறந்துகொண்டது. இனி அந்தக் கண்காணிப்பு பெற்றோர் தலையில்.

தலைமையாசிரியரிடம் கேட்டால் ‘எல்லாம் முறையாக நடக்கிறது’ என்றுதான் சொல்வார். சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்குப் போய் வாசலில் நில்லுங்கள். “தம்பி, லெவன்த்ல இப்ப எந்தப் புக் ஓடுது?” என்று ஒரு பையனிடம் கேளுங்கள். பன்னிரண்டு என்று அவன் சொன்னால் வந்த வழியே திரும்பிவிடலாம். முடிந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறை ஏட்டையும் வாங்கிப் புரட்டுங்கள். தேதிகள் வருடம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா, எல்லாம் ஒரே மாதத்தில் அடைந்து கிடக்கின்றனவா என்பதில் ஆய்வகத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். பேனரில் சிரிக்கும் முதலிடத்தைவிட, ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அங்கேயே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்பது முக்கியம். நூறு சதவீதத் தேர்ச்சிக்காக, படிக்கத் திணறும் பிள்ளைக்கு ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பும் பழக்கம் பல ஊர்களில் உண்டு.

விடுதிப் பள்ளி மோகத்தின் வேரும் இந்த மண்ணில்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி இடம். தாம் படிக்காத பெற்றோர், ‘அடிச்சாவது படிக்க வைங்க சார்’ என்று பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்த ஊர் இது. எட்டாம் வகுப்பு வரையான பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு நேரடியாகவே தடை செய்கிறது. ‘அடிச்சாவது’ என்ற பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற நிர்வாகியிடம் பிள்ளையை விடாதீர்கள். விடுதிதான் ஒரே வழி என்றால், 2014-ஆம் ஆண்டின் விடுதிகள் முறைப்படுத்தும் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 ஜூலையில் கனியாமூரில் ஒரு மாணவியின் மரணமும் அதையொட்டிய கலவரமும் நடந்த பிறகு, இதைக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோர் எந்த நாளும் வந்து பார்க்கலாமா, பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் பேசலாமா என்ற இரண்டுக்கும் வரும் பதில், சான்றிதழைவிட அதிகம் சொல்லும். பெற்றோர் இருவரும் இதே ஊரில் இருக்கும்போது விடுதியில் சேர்ப்பது எனக்கு இன்றுவரை விளங்காத சங்கதி.

தனியார் பள்ளி என்று முடிவெடுத்தே வருகிறவர்களிடம் ஒரு கணக்கு மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றுக்கும் நீண்டது. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்குள் போகும்போது இவை அத்தனையும் வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு வருகிறவர்கள் அவ்வையார் பெண்கள் மேல்நிலைப் பள்ளியையும் அதியமான் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தேடலாம். ஆறாவதைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்காமல் ஏழாவதில் வருகிறவர்களுக்கு 7.5 கணக்கு ஏற்கெனவே கைநழுவிப் போயிருக்கும்.

வண்டியும் தண்ணீரும் கையேடுகளில் அச்சாகாத விஷயங்கள். அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து தருமபுரி நகரத்துக்குத் தினமும் வேனில் வரும் பிள்ளை விடியற்காலையிலேயே எழுந்தாக வேண்டும்; பத்தாம் வகுப்பில் அந்தத் தூக்கம் மதிப்பெண்ணாக மாறும். பள்ளியை முடிவு செய்துவிட்டு அதன் பக்கத்தில் வீடு பாருங்கள். தாம்பரத்தில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த 2012-இல்தான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சோதனை நடத்துகிறது. அந்தத் தகுதிச் சான்று இந்த வருடத்துடையதா, வண்டியில் உதவியாளர் உண்டா என்று பாருங்கள். தொப்பூர்க் கணவாய் வழியாக வரும் வேன் என்றால் கூடுதலாகவே விசாரியுங்கள்.

தண்ணீர் இந்த மாவட்டத்துக்கே உரிய தலைவலி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல். பற்களில் பழுப்புக் கறையோடு வளர்ந்த ஒரு தலைமுறையை இங்கே நேரில் பார்க்கலாம். அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கியது. பள்ளித் தொட்டிக்கு வருவது ஒகேனக்கல் தண்ணீரா, போர்வெல்லா என்று கேளுங்கள். போர்வெல் என்றால் சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்; லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. பல் உருவாகும் வயது எட்டு வரைக்கும் என்பதால் கூடவே சேர்க்கும் தங்கைக்கும் தம்பிக்கும் இது இன்னும் முக்கியம். விடுதியில் அந்தத் தண்ணீரை வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்குப் பாதிப்பு எலும்பு வரை போகும்.

கட்டணத்தை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அதற்குமேல் வேன், நோட்டு, சீருடை, கோச்சிங் என்று சேரும் தொகையைப் பக்கத்திலேயே எழுதி, வருட மொத்தத்தைப் போட்டுப் பாருங்கள். கட்டிய எதற்கும் ரசீது வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். ஏழாவதிலும் எட்டாவதிலும் வந்து அதைக் கேட்டுப் பயனில்லை.

பழைய பள்ளியில் பாக்கி இருக்கிறது என்று டி.சி.யை நிறுத்திவைத்தால் கலங்க வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி ஆகாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுகிறவர்கள் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய பள்ளி அதிலிருந்து பிள்ளையை விடுவித்துவிட்டதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கர்நாடகத்திலிருந்து பத்தாவது முடித்து வருகிறவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டே லாரி ஏறுங்கள். அதற்காக மறுபடி பெங்களூருக்கு அலைவது வீண் செலவு.