சுகர் ஏழு நாட்கள் தங்கினார்

முனிகுமாரனின் சாபத்தால் ஏழாம் நாள் பாம்பு தீண்டி இறக்கப்போவதை அறிந்த பரீட்சித்து மன்னன், மகன் ஜனமேஜயனிடம் அரசை ஒப்படைத்துவிட்டுக் கங்கைக் கரையில் அமர்ந்தான். அங்கு வந்த சுகரிடம் அவன் சாபத்தை நீக்கும் வழியைக் கேட்கவில்லை. மரணத்தை எதிர்நோக்கியிருப்பவன் எதைக் கேட்க வேண்டும், எதை நினைக்க வேண்டும் என்றே கேட்டான். ஒரு பசுவைக் கறக்கும் நேரத்திற்குமேல் எந்த இல்லத்தின் வாசலிலும் நில்லாதவர் சுகர். அவரே இறக்கும் மனிதன் ஒருவனுக்காக ஏழு நாட்கள் தங்கினார்.

துணையின் தர்மம்

இறுதிக் காலத்தில் உடனிருந்து உதவுபவரை மேலைநாடுகளில் இன்று 'டெத் டூலா' என்கின்றனர். பணிப்பெண் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பிரசவத்தில் தாய்க்குத் துணை நிற்பவரைக் குறித்த சொல், பின்னர் மரணத்தின் வாசலில் நிற்பவருக்கும் வழங்கலாயிற்று. இவர் மருத்துவர் அல்லர்; ஊசி போடுவதும் மருந்தின் அளவை மாற்றுவதும் இவர் வேலையன்று. அருகில் அமர்தல், சொல்வதைக் கேட்டல், விரும்பிய பாடலையோ நாமத்தையோ ஒலிக்கச் செய்தல், களைத்துப்போன குடும்பத்தாருக்குச் சற்று ஓய்வளித்தல் ஆகியவையே இவரது பணி.

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், இறப்பவரின் வலி உடலோடு நிற்பதில்லை என்று கண்டார். மனம், குடும்பம், ஆன்மா அனைத்தும் நோகின்றன. ஆகவே மருந்தோடு மனிதத் துணையும் தேவைப்படுகிறது.

ஈஜிபுராவில் தேடுவோர்க்கு

பெங்களூரின் ஈஜிபுராவில் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பாட்டி படுத்த படுக்கையாகிவிட்டார். பேரக்குழந்தைகள் கன்னடமும் ஆங்கிலமும் பேசுகின்றனர். நினைவு தளரும்போது பாட்டியிடம் எஞ்சுவது பெரும்பாலும் தாய்மொழியே. ஆதலால், துணைக்கு வருபவர் தமிழ் அறிந்தவரா என்பது சிறிய கேள்வியன்று.

முதலில் தணிக்க வேண்டியது உடல்வலி. வலியால் துடிப்பவரிடம் தத்துவம் பேசுதல் தகாது. அருகிலுள்ள கோரமங்களாவின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலித் தணிப்புச் சிகிச்சைப் பிரிவு உள்ளது. முற்றிய புற்றுநோயானால், மாரத்தஹள்ளிப் பகுதியிலுள்ள 'கருணாஶ்ரயா' இல்லத்தை அணுகலாம். 1994-இல் தோன்றிய பெங்களூர் ஹாஸ்பைஸ் டிரஸ்ட் நடத்தும் இவ்வில்லம் கட்டணமின்றிப் பணியாற்றுகிறது. அதன் குழுவினர் நோயாளியின் வீட்டிற்கும் செல்கின்றனர். டூலாவாகப் பணியாற்றுவோரைப் பற்றி இத்தகைய இடங்களில் விசாரிப்பது நல்ல தொடக்கம்.

இத்தொழிலுக்கு இந்தியாவில் அரசு உரிமம் ஏதும் இல்லை. எனவே, எங்கே பயிற்சி பெற்றார், இரவில் அழைத்தால் வருவாரா, கட்டணம் எவ்வளவு, மருத்துவரோடு இணைந்து செயல்படுவாரா, குடும்பத்தின் நம்பிக்கையை மதிப்பாரா என முன்னரே கேட்டறிய வேண்டும். தம் கொள்கையை நோயாளியிடம் திணிப்பவர் இப்பணிக்கு ஏற்றவர் அல்லர்.

மறைத்தல் அன்பாகுமா?

"அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று பிள்ளைகள் மருத்துவரிடம் கெஞ்சுவது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால் எழும் சொல்தான் அது. ஆனால் பெரும்பாலும் அம்மா அறிந்தே இருக்கிறார். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் மறைக்கிறார். இருபுறமும் நடக்கும் இந்நாடகத்தில், கேட்க வேண்டிய மன்னிப்பும் சொல்ல வேண்டிய நன்றியும் சொல்லப்படாமலே போகின்றன. பரீட்சித்திடம் அந்தச் செய்தியை மறைத்திருந்தால் ஏழு நாட்களும் வேட்டையில் கழிந்திருக்கும்.

அவர் கேட்கும் அளவிற்கு, தாங்கும் அளவிற்கு, கனிவோடு உண்மையைச் சொல்லலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே அவரது விருப்பத்தையும் கேட்டறியலாம். உயிரை நீட்டிக்கும் கருவிகள் வேண்டா என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. அதற்கான நடைமுறையை 2023-இல் எளிதாக்கியது.

சுகர் சாபத்தை மாற்றவில்லை, பாம்பைத் தடுக்கவுமில்லை. மன்னனின் அச்சம் நீங்கியது. துணையிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கதும் அவ்வளவே, அதுவே பெரிது.

சிந்தனைக்கு

1. பரீட்சித்தின் கேள்வி, நோயற்றிருக்கும் நமக்கும் உரியதா?
2. நம் வீட்டு முதியவரிடம் இன்னும் சொல்லப்படாமல் இருக்கும் சொல் எது?
3. நம் தெருவில் நோயுற்றிருக்கும் ஒருவருடன் வாரம் ஒரு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருக்க நம்மால் இயலுமா?