பல்வலியும் வட்டிக் கணக்கும்

பல்வலி நாள் பார்த்து வருவதில்லை. பாவு பிணைத்துத் தறியில் அமர்ந்த அன்றோ, நடவுக்கு ஆள் விட்ட அன்றோ அது வந்து சேரும். அவ்வேளையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்வதா, பணம் கொடுத்துத் தனியார் பல் வைத்தியரை நாடுவதா என்பது அங்கத்தினர் பலருக்கும் எழும் வினாவாகும். இப்பாடத்தில் அதனை ஆராய்வோம்.

முதற்கண், அவசரம் எது என்பதை அறிதல் வேண்டும். கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் திறக்கவும் விழுங்கவும் இயலாது போயின், சீழ் கழுத்துக்குப் பரவுகிறது என அஞ்ச வேண்டும். இஃது உயிருக்கே ஆபத்தாம். அப்போது கணக்குப் பார்த்தல் தகாது. 108 ஊர்தியை அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரியை அடைக. அடிபட்டு நிலைப்பல் விழுந்துவிடின், அதன் வேரைத் தொடாது பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பல் வைத்தியரிடம் கொண்டு சேர்த்தல் வேண்டும். அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவன்று.

வலி மட்டுமே எனின், விடியும்வரை பொறுக்கலாம், கணக்கிடவும் செய்யலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவில் பல் பிடுங்குவதற்குக் கட்டணம் இல்லை. எனினும் காலை முழுதும் காத்திருக்க நேரும். ஒரு நாள் கூலி 500 ரூபாய், பஸ் செலவு 60 ரூபாய் எனக் கொண்டால், இலவச சிகிச்சைக்கும் 560 ரூபாய் ஆகிறது. ஆகவே, சிறு சிகிச்சைக்கு மாலையில் தனியார் வைத்தியரிடம் செல்வோரை ஊதாரி என்றல் நியாயமன்று.

வேர் சிகிச்சையோ வேறு வகை. அதற்கும், பல்லுக்கு உறை போடுவதற்கும் 6,000 ரூபாய் தேவைப்பட்டு, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் கடன் வாங்குவதாகக் கொள்வோம். ஓராண்டு வட்டி மட்டும் 2,160 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு நான்கு முறை சென்று வருவதோ, மேற்கண்ட கணக்குப்படி, 2,240 ரூபாயில் முடியும். சென்னையில் 1953 முதலும், புதுக்கோட்டையில் 2023 முதலும் இத்தகைய கல்லூரிகள் உள்ளன. தொலைவில் உள்ளோர் தத்தம் பஸ் செலவையும் தங்கும் நாட்களையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்க.

இவ்விரண்டையும் விடுத்து, கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி நாள் கடத்துவதே மூன்றினும் கேடான வழி. மாத்திரை வலியை அடக்குமேயன்றிச் சொத்தையை நீக்காது. இன்று அடைத்துக் காக்கக்கூடிய பல்லுக்கு நாளை வேர் சிகிச்சை வேண்டியதாகும். மறுநாள் அதுவும் பயன்படாது. செலவு வளர்வது வைத்தியரால் மட்டுமன்று, நம் தாமதத்தாலும்தான்.

எவரிடம் சென்றாலும், என்ன சிகிச்சை, எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு என்னும் மூன்றையும் முன்னரே கேட்டறிக. கடன் இன்றியமையாததாயின், வெளியே கைநீட்டுமுன் சங்கத்தின் விதிகளில் அதற்கு இடமுண்டா என்று காரியதரிசியிடம் விசாரித்தல் நலம்.

வகுப்பில் விவாதிக்க: நம் ஊரிலிருந்து மிக அருகில் பல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனை எது? அங்கு எந்நாட்களில், எந்நேரத்தில் பல் வைத்தியர் இருப்பார்? விடையை எழுதிச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுக.